வகுப்பில் புலம்பெயர்ந்தோர் கதை: அந்தப் பெண் ஏன் வாய் திறக்கவில்லை?

கேள்வி: கடலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடநூலைத் தாண்டி வெளிநாட்டு இலக்கியமும் அறிமுகம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. வியட்நாம் போரின்போது அமெரிக்கா போன ஒரு சிறுமியைப் பற்றிய நாவலின் கதையைச் சுருக்கமாகத் தமிழில் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார்கள். என் வகுப்பில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகள் பலர். சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். மற்றவர்கள் அவனை 'வடக்கன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு பெண்ணும் வருகிறாள். கதை முடிந்ததும் அவளை எழுப்பி, "உங்க குடும்பம் எப்படி இங்க வந்துச்சுன்னு சொல்லும்மா" என்றேன். தலையைக் குனிந்தபடி நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாள் பள்ளிக்கே வரவில்லை. இப்போது வருகிறாள், ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தலைமையாசிரியரோ, "பாடத்தை முடிங்க டீச்சர், இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். விட்டுவிடலாமா? தொடர்ந்தால் எப்படித் தொடர்வது?

பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

தொடருங்கள். கதையைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை. கதை முடிந்த பிறகு கேட்டீர்களே, அந்த ஒரு கேள்வியில்தான் சிக்கல். "பாடத்தைப் பிள்ளையின் வாழ்க்கையோடு இணையுங்கள்" என்று பயிற்சி வகுப்புகளில் எல்லோருக்கும் சொல்லித்தருவதால், இப்படிக் கேட்பது நல்ல ஆசிரியரின் லட்சணம் என்றே நமக்குப் படிந்துவிட்டது. பெரும்பாலான பாடங்களுக்கு அது சரி. ஊரை விட்டு வந்தவர்களின் கதைக்கு மட்டும் அதில் ஆபத்து இருக்கிறது.

அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு என்றால் பதினான்கு வயது. இலங்கையிலிருந்து பெருங்கூட்டமாக மக்கள் வரத் தொடங்கியது 1983 கலவரத்துக்குப் பிறகு. போர் முடிந்தது 2009-ல். கணக்குப் போட்டால் அவள் பெரும்பாலும் தமிழ்நாட்டில்தான் பிறந்திருப்பாள். அவள் அம்மாவோ அப்பாவோகூட முகாமிலேயே பிறந்தவர்களாக இருக்கலாம். அவள் போகாத ஒரு பயணத்தைப் பற்றி, பார்க்காத ஒரு கடற்கரையைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என்ன சொல்லுவாள்? பாட்டி சொன்னதைச் சொல்லலாம். ஆனால் பாட்டி சொன்னதையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்பது அவளுக்குத் தெரியாது.

இன்னொன்று. முகாமில் இருக்கும் குடும்பத்திடம் "எப்படி வந்தீங்க, எப்போ வந்தீங்க, யாரோட வந்தீங்க" என்று வழக்கமாகக் கேட்பவர்கள் யார்? பதிவேடு வைத்திருக்கும் வருவாய்த் துறையினரும் காவல் துறையில் உளவு பார்க்கும் கியூ பிரிவினரும். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே வேலை தேடுகிற பலருக்கு இன்னும் குடியுரிமை கிடையாது. "வெளியில எதையும் பேசிக்கிட்டு இருக்காத" என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவளை எழுப்பி நிறுத்திக் கேட்டபோது, நீங்கள் எவ்வளவு அன்பாகக் கேட்டிருந்தாலும், அது அவள் காதில் விசாரணையாகத்தான் விழுந்திருக்கும்.

இப்போது என்ன செய்யலாம்? ரொம்பச் செய்யாதீர்கள். வராந்தாவில் நடக்கும்போது, மற்றவர்கள் காதில் விழாமல், "அன்னிக்கு உன்ன எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாதும்மா, இனிமே கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதில் எதிர்பார்த்து நிற்க வேண்டாம். வகுப்பின் முன்னால் வருத்தம் தெரிவிக்கலாம் என்று தோன்றும். அது அவளை மறுபடி எழுப்பி நிறுத்துவது போலத்தான் ஆகும். முகாமுக்கே போய்ப் பெற்றோரைப் பார்க்கலாம் என்றும் தோன்றும். டீச்சர் வீடு தேடி வந்தார் என்றால் பிள்ளை என்ன தப்பு செய்தது என்று அக்கம்பக்கமே கேட்கும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது படிப்பைப் பற்றிப் பேசி அனுப்புங்கள், போதும்.

சரி, கதைக்கு வருகிறேன். நீங்கள் பெயர் குறிப்பிடவில்லை. வியட்நாம், சிறுமி, அமெரிக்கா என்றதும் தான்ஹா லாய் எழுதி 2011-ல் வந்த 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' நாவலாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் இலக்கியப் பிரிவில் பெற்றது. 1975-ல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் விழுந்தபோது குடும்பத்தோடு வெளியேறி அலபாமா போய்ச் சேர்ந்தவர் நாவலாசிரியர். கதையில் வரும் பத்து வயது ஹாவும் அதே வழியில்தான் போகிறாள். கடற்படையில் இருந்த அப்பா காணாமல் போய்விட்டார். அம்மாவும் மூன்று அண்ணன்களும் இவளும் கப்பலேறுகிறார்கள்.

இந்த நாவலின் கதையை நீங்கள் சுருக்கிச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வருத்தம். சுருக்கிச் சொன்னால் போர், கப்பல், அகதி முகாம், அழுகை என்று மிஞ்சும். செய்தித்தாளில் வருவதும் அதுதான். அப்புறம் பிள்ளைகள் முகாமிலிருந்து வரும் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பதற்கு வேறு காரணமே வேண்டாம். நாவலில் இருப்பதோ வேறு. கொல்லையில் இவள் விதை போட்டு வளர்க்கும் பப்பாளி மரம். பழம் பழுக்குமா, தின்னக் கிடைக்குமா என்ற கவலை. அண்ணன்கள் மேல் கோபம். தின்பண்டத்துக்குக் காசு மிச்சம்பிடிக்கும் திருட்டுத்தனம். ஒரு முன்கோபக்காரச் சிறுமி, அவ்வளவுதான். கப்பலேறியதால் அவள் பாவப்பட்ட பிள்ளை ஆகிவிடுவதில்லை. இதைச் சுருக்கத்தில் கொடுக்க முடியாது, வரிகளைத்தான் வாசிக்க வேண்டும்.

வாசிப்பதும் கஷ்டமில்லை. நாவல் முழுக்கச் சின்னச் சின்ன வசன கவிதைகள். ஒரு பாடவேளையில் இரண்டு கவிதை சத்தமாக வாசித்துப் பேசி முடிக்கலாம். நம் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு இதைவிட வசதியான நாவல் அதிகம் கிடைக்காது. வாசிப்பது ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேசுவது தமிழில் இருக்கட்டும். ஆங்கில வகுப்பில் தமிழில் பேசவிட்டால் ஆங்கிலம் வராது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு வரியைப் பற்றிச் சண்டை போட்ட பிள்ளை அந்த வரியை மறப்பதில்லை.

அதில் ஒரு பகுதியைக் கட்டாயம் எடுங்கள். அலபாமா பள்ளியில் ஹா இருபது வரைக்கும் எண்ணிக் காட்டுகிறாள், வகுப்பே கைதட்டுகிறது. ஊரில் அவள் பின்னக் கணக்கெல்லாம் போட்டவள். கைதட்டலைக் கேட்கும்போது, முட்டாளாக இருப்பது என்றால் இப்படித்தான் இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றுகிறது. இங்கே நிறுத்திவிட்டுக் கேளுங்கள்: கைதட்டினவங்க கெட்டவங்களா? அவங்க வேற என்ன செஞ்சிருக்கலாம்? ஹா ஏன் எனக்குப் பின்னக் கணக்கே தெரியும்னு சொல்லல? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். போடட்டும்.

அந்த நேரத்தில் உங்கள் ஒடிசாப் பையன் வகுப்பில் இருக்கிறான். ஒடியாவில் நன்றாகவே கணக்குப் போட்டிருக்கக்கூடியவன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது சிரிப்பைச் சம்பாதிக்கிறவன். அவன் பக்கம் நீங்கள் திரும்பவே வேண்டாம். கண்ணைக்கூட அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். ஹாவைப் பற்றிப் பேசும்போது வகுப்பு அவனைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். 'வடக்கன்' என்று கூப்பிட்டவர்களில் ஒருவனுக்காவது உறைக்கும். வெளிநாட்டுக் கதையை வகுப்புக்குக் கொண்டுவருவதில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய காரணம் இது. அலபாமா ரொம்பத் தூரத்தில் இருப்பதால், அங்கே நடந்ததைப் பற்றி யாரும் பயமில்லாமல் பேசலாம். யாருடைய அப்பா அம்மாவும் அதில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். "நம்ம வகுப்புலயும் இப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டீர்களானால் அந்தத் தூரம் ஒரு நொடியில் போய்விடும். பேச்சும் நின்றுவிடும்.

ஆங்கிலமே தடையாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஷான் டான் வரைந்த 'தி அரைவல்' இருக்கிறது. 2006-ல் வந்த ஆஸ்திரேலியப் படநாவல், வசனமே கிடையாது. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு ஒருவன் தெரியாத நாட்டுக்கு வேலை தேடிப் போகிறான். அந்த நாட்டின் எழுத்து, பழம், பிராணி எல்லாமே ஓவியர் கற்பனையில் உண்டாக்கியவை. அதனால் படிக்கிற யாருக்கும் அந்த ஊர் தெரியாது, வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவளுக்கும் சரி, எழுத்துக் கூட்டுபவனுக்கும் சரி. அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பெட்டி கட்டும் பக்கத்தில் நின்று நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும், கேள்வி கேட்காதீர்கள். விலை கொஞ்சம் அதிகம்; பள்ளிக்கு ஒரு பிரதி வாங்கி, ஐந்தைந்து பேராக உட்கார்ந்து புரட்டச் சொன்னால் போதும். நகலெடுப்பது பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். வகுப்பில் கற்பிக்கும்போது ஆசிரியர் நகலெடுத்துப் பயன்படுத்த 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து வாட்ஸப் குழுவில் போடுவதை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

சைகோன் என்ற பெயர் நம் பக்கத்துக்கு ஒன்றும் புதிதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வியட்நாமும் சேர்ந்திருந்த இந்தோசீனாவுக்குப் போய் அரசு அலுவலகத்திலும் ராணுவத்திலும் காவல் துறையிலும் வேலை பார்த்தன. தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்த நகரத்தின் நடுவே இருக்கிறது. ஹா கப்பலேறிய அதே ஊரை விட்டு அந்தப் போர்க்காலங்களில் நம்மவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும், வகுப்பில் கேட்காமலேயே, யாராவது ஒரு பிள்ளை "எங்க தாத்தாவோட அண்ணன் சைகோன்ல இருந்தாராம் மிஸ்" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. அது தானாக வருகிற பேச்சு. அதைத் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னும் பின்னால் போனால் கரும்புத் தோட்டங்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தீவுகளான ரீயூனியனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், அடுத்த ஆண்டிலிருந்து குவாதலூப்புக்கும் போனார்கள். ரீயூனியனில் இன்றும் ராமசாமி, வெங்கடசாமி எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. தீமிதியும் காவடியும் நடக்கின்றன. பத்தாண்டு புதுச்சேரியில் இருந்த பாரதி, ஃபிஜித் தீவில் பெண்கள் பட்ட பாட்டைக் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடினார். அதை வகுப்பில் பாடலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். போனவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே செத்தார்கள் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. 1863-ல் குவாதலூப்பில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி 1923-ல் வென்றார். கூலியாகப் போனவர்களின் பிள்ளை கோர்ட்டில் நின்று சட்டம் பேசிய கதை அது. முகாமிலிருந்து வரும் பெண்ணுக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் அவள் காதில் விழ வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் தமிழில் வந்த முக்கியமான கதை. நீங்கள் படியுங்கள், ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம். அதில் வரும் பாலியல் கொடுமையைக் கையாள நாற்பது நிமிடம் போதாது. அதைப் படித்தால் உங்களுக்கு ஒன்று விளங்கும்: முகாம்களில் இருக்கும் எல்லோருடைய குடும்பமும் ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காக வந்ததல்ல. தோட்டத் தொழிலாளர் வழியில் வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று கணக்கெழுதப்பட்டவர்கள் மட்டும் ஐந்தேகால் லட்சம் பேர். யார் எந்த வழியில் வந்தார்கள் என்று தெரியாமல் "போர்னால வந்தவங்க" என்று வகுப்பில் நாமே சொல்லிவிடக் கூடாது.

எழுத்துப் பயிற்சி வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். "வேற ஊர்லேர்ந்து உங்க வீட்டுக்கு வந்த ஒரு பொருளைப் பத்தி ஆறு வரி எழுதுங்க. வீட்ல இல்லன்னா கடையில பாத்தது, கதையில வந்தது எதுவும் எழுதலாம்." கடலூர் வட்டாரத்தில் கோடாலித் தைலம் இல்லாத வீடு எத்தனை? சிங்கப்பூரிலிருந்து வந்த அந்தக் குப்பியில் தொடங்கினால் ஒரு குடும்பத்தின் பாதி வரலாறு வந்துவிடும். துபாய் கம்பளி வரும், பரங்கிப்பேட்டைப் பிள்ளை யாராவது இருந்தால் மலேசியா வரும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் போய் ஊர் மாறிய குடும்பத்துப் பிள்ளை பழைய வீட்டுக் கதவைப் பற்றி எழுதலாம். கடல் தாண்டினால்தான் இடப்பெயர்வு என்று யார் சொன்னது? 'கடையில பாத்தது, கதையில வந்தது' என்ற இரண்டாவது வழியைக் கட்டாயம் திறந்து வையுங்கள். எதையும் எடுத்துக்கொண்டு வர முடியாமல் வந்த குடும்பங்களும் உண்டு. முகாம் பெண் பப்பாளி மரத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தால், நல்ல ஆங்கிலம் எழுதியிருக்கிறாள் என்று பாராட்டி மதிப்பெண் போடுங்கள். அதற்குமேல் தோண்டாதீர்கள்.

எழுதியதை எந்தப் போட்டிக்கும் அனுப்பாதீர்கள், போட்டோ எடுத்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள். "அகதி மாணவியின் கண்ணீர்க் கதை" என்று தலைப்பு வைக்க வெளியில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். பிள்ளையும் வீட்டாரும் நன்றாக யோசித்துச் சரி என்று சொன்னால் வேறு.

சில நேரம் ஒரு பிள்ளை தானாகவே வந்து பாரமான ஒன்றைச் சொல்லிவிடும். அப்பா போன் பண்ணி மாதக்கணக்காகிறது, ஏஜென்டுக்கு வாங்கிக் கொடுத்த கடன் வீட்டை அழுத்துகிறது, இப்படி. குறுக்கே பேசாமல் கேளுங்கள். முடியாததைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்குச் சிக்கல் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு மனுக் கொடுக்கக் குடும்பத்துக்கு வழி காட்டலாம். இங்கிருந்து போனவர்களையும் அங்கிருந்து வந்தவர்களையும் நம் அரசில் ஒரே துறைதான் பார்க்கிறது என்பது ஒரு சுவாரசியமான விஷயம். பிள்ளைக்கே ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

தலைமையாசிரியரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம், அவருக்குத் தேர்ச்சி விகிதம் கேட்டு மேலிருந்து போன் வருகிறது. அவரிடம் இலக்கியம் பேசாதீர்கள், பாடநூலைக் காட்டுங்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யிலிருந்து ஒரு பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் விரிவானமாக வந்திருக்கிறது. சுமத்திராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற கப்பலில் போகும்போது புயலில் மாட்டும் பகுதி. "இவங்க அடுத்த வருஷம் படிக்கப்போற பாடத்துக்கு இது அடித்தளம் சார்" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. நூலகப் பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலப் பாடவேளையில் கை வைக்காதீர்கள். தமிழாசிரியரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. புத்தகங்களுக்கு மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரி போகும் வேலை இருந்தால் 1827-லிருந்து இயங்கும் ரோமன் ரோலந்து நூலகத்திலும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, எப்போது தொடங்கலாம் என்பது. ஹாவின் கதை தெத் என்ற வியட்நாமியப் புத்தாண்டில் ஆரம்பித்து அடுத்த தெத்தில் முடிகிறது. தெத் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் கரும்பும் ஊர்க்கதையுமாகத் திரும்பி வரும் வாரத்தில் முதல் கவிதையை எடுங்கள். ஏற்கெனவே சொன்ன கதைதானே என்று யாராவது கேட்டால், அன்று சொன்னது சுருக்கம், இன்றிலிருந்து வாசிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள். முதல் நாள் யாரை வாசிக்கச் சொல்வது என்று யோசித்துக் குழம்ப வேண்டாம், நீங்களே வாசியுங்கள்.